மேல்மாடிக்காரி விட்டுவைத்த ஒன்று

மார்ச் 4, செவ்வாய்

பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். உள்ளே தூசி மெத்தை போட்டுப் படுத்திருந்தது. பெயிண்ட் பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியிலிருந்து குரல். "எடைக்குப் போடுற சாமானுக்குக் குளிப்பாட்டு வேற நடக்குதா அக்கா?"

கொழுந்தன் பெண்டாட்டி. இந்த நோட்டில் அவள் மேல்மாடிக்காரி. வாயைத் திறந்தால் தூசி உள்ளே போகும், வேறு என்னென்னவோ வெளியே வரும்.

எடைக்குப் போடலாமாம்! மாமாவின் குரல், என் மாமனாரின் குரல், இதற்குள்தான் இருக்கிறது. பக்கவாதத்தில் நாக்குக் குழறியபோது, தினமும் உரக்கப் பேசிப் பழகச் சொன்னார் டாக்டர். மாமா கடவுளிடம்தான் பேசினார். விடிந்ததும் மைக்கை மாட்டிக்கொண்டு அதே பிரார்த்தனை. கடைசியில் வேண்டியவர்களைப் பேர் பேராகச் சொல்லி ஒப்படைப்பார். அத்தனையும் பதிவு செய்தார். போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இதன் டிஸ்க் டிக் டிக் என்கிறது. அது சாவதற்குள் எடுத்தாக வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு வழி தெரிந்தது. இதே பெட்டியில் புதிதாக இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் தானாக எழுதிக்கொள்ளும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டால் எல்லார் போனிலிருந்தும் திறக்கலாம். இதற்கு சர்வர் என்று பெயர்.

இவரிடம் சொன்னேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். இருக்கிறது. சமையல், துணி, உங்கள் அம்மாவுக்கு மருந்து, வீட்டுக் கணக்கு, போதாததற்கு நீங்கள். இது நேரம் போகாமல் செய்வதில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

திரை கறுப்பு. மூன்று வீடியோ மூன்று விதமாகச் சொன்னது. ரேம் என்கிற மெமரி சிப்பைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினேன். கடவுளே என்றேன். பீப் என்றது.

மார்ச் 16, ஞாயிறு

சர்வர் ஓடுகிறது. மாமா பதிந்தது எல்லாம் புது டிஸ்கில், தேதி வாரியாக. கடைசி ஃபைல் ஏறிய கொஞ்ச நேரத்தில் பழைய டிஸ்க் ஒரேயடியாக நின்றுபோனது. கடவுள் அதற்காகவே அதைப் பிடித்து வைத்திருந்தார். வேறென்ன சொல்ல?

ஆனால் சாயங்காலம் வழக்கம்போல. மற்றவர்கள் கேட்க மட்டும் முடிகிற மாதிரி, மாற்றும் உரிமை என்னிடம் மட்டும் இருக்கும்படி வைத்திருந்தேன். மேல்மாடிக்காரி இவரிடம் போய், "நாங்க இந்த வீட்டுல வாடகைக்கா இருக்கோம்?" என்று கேட்டிருக்கிறாள். இவர் என்னிடம் பாய்ந்தார். "ஒரே குடும்பத்துக்குள்ள பூட்டு போடுவியா?"

திறந்துவிட்டேன். எல்லாருக்கும் எல்லா உரிமையும். போதுமா?

மார்ச் 17, திங்கள்

காலையில் ஒரு பதிவைப் போட்டுக் கேட்டேன். என் பேர் வரும் இடத்தில் அவர் குரல் தடுக்கி, நின்று, திரும்பவும் முழுசாகச் சொன்னது. அடுப்பில் பால் பொங்கியது. போகட்டும்.

இனி தினமும் ஒன்று.

மார்ச் 29, சனி

முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் திறந்தால் ஒரே ஒரு ஃபைல். மற்றது எதுவும் இல்லை. இரண்டாவது டிஸ்கிலும் இல்லை.

மேலே ஓடினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஆமா, நான்தான் எடுத்தேன். அதே பிரார்த்தனைதானே அக்கா, எதுக்கு இத்தனை? குழந்தை ஃபோட்டோ போட இடம் வேணும்ல? ஒண்ணு வெச்சிருக்கேன்."

ஒண்ணு வெச்சிருக்கேன்! எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள்!

"உன் கை விளங்குமாடி?" என்று கேட்டுவிட்டேன். பிரார்த்தனை சொல்லிவிட்டு எழுந்த வாய். கொழுந்தன் இடையில் வந்தான். "அண்ணி, சாதாரண ஃபைலுக்குப் போயி —" அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவன் அப்பாவின் குரல். சாதாரண ஃபைல்.

மார்ச் 30, ஞாயிறு

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டுச் சொன்னார். "குழந்தை ஃபோட்டோ எல்லாம் அதுக்கு மேலயே ஏறியிருக்கும்மா. இனி வராது. ரெண்டு டிஸ்க் இருந்தா ஒண்ணு ரிப்பேர் ஆனாத்தான் காப்பாத்தும். ஆள் அழிச்சா ரெண்டும் சேர்ந்துதான் அழிக்கும். தனியா ஒரு காப்பி எடுத்து வெளிய வெச்சிருக்கணும்."

ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும் என்று நம்பினேனே. டிஸ்க் சாகவில்லை. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, அவள் சொன்னபடி கேட்டுக்கொண்டு.

இவர், "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றார். பூட்டைத் திறக்கச் சொன்ன வாய்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பேசவில்லை. அவளோடும் இல்லை, இவரோடும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

விட்டுவைத்த அந்த ஒன்றைத் தொடமாட்டேன் என்றிருந்தேன். இன்று கேட்டேன்.

ஏன் இதை? முதல் நாளுடையது இல்லை. கடைசி நாளுடையதும் இல்லை. எங்கோ நடுவில், மழை நாள். அதே பிரார்த்தனை. பிறகு பேர்கள்: அத்தை, இவர், கொழுந்தன், நான், பிள்ளைகள். வழக்கமாக இதோடு முடிந்துவிடும். இதில் முடியவில்லை. மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு யாரோ கப்பை மேசைமேல் வைக்கிறார்கள். மாமா மூச்சு வாங்கி இன்னொரு பேர் சொல்கிறார்.

அவள் பேர்.

மற்ற நாட்களில்? எத்தனை நாள் கேட்டிருக்கிறேன் — உயிரோடு இருந்தபோது பக்கத்து அறையிலிருந்து, அப்புறம் இந்தப் பெட்டியிலிருந்து. அவள் பேர் வந்ததா? ஞாபகமே இல்லை. நான் என் பேர் வரும்வரைதான் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கேட்டேன். "இடத்துக்காக அழிக்கலதானே நீ?"

கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு விடாம எல்லாத்தையும் கேட்டேன் அக்கா. ராத்திரி இவர் தூங்கினப்புறம், காதுல மாட்டிக்கிட்டு. காலையில மாமாவுக்கு வாய் துடைச்சுவிட்டது யாரு? டீ கொண்டுபோனது யாரு? நீங்க கீழ சமைச்சுக்கிட்டு இருந்தீங்க, நான்தான் பக்கத்துல நின்னேன். நான் நிக்கிறப்பவே பேர் பேரா ஒப்படைப்பாரு. என்னை விட்டுட்டு. ஒரே ஒரு நாள் சொன்னாரு."

"அதுக்காக —"

"அதுக்காகத்தான். நீங்க அதைத் தினமும் காலையில வீடு முழுக்கப் போட்டீங்க. என்னால கேக்க முடியல."

மாமா ஏன் விட்டார்? தெரியாது. வேண்டுமென்றா, மறதியா, அவள் எதிரிலேயே நின்றதாலா? இனி யாரிடம் கேட்பது?

அவளைப் பாவம் என்று நினைக்க முயன்றேன். வரவில்லை. அவள் அழித்தது அழித்ததுதான். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால்? 'அதெல்லாம் ஒரு விஷயமா' என்றிருப்பேன். அது எனக்கே தெரியும், அதுதான் எரிகிறது.

ஏப்ரல் 5, சனி

தனியாக ஒரு டிஸ்க் வாங்கி அந்த ஒரு ஃபைலைக் காப்பி எடுத்தேன். பீரோவுக்குள் வைத்தேன். சர்வரில் எல்லாருக்கும் இனி கேட்க மட்டுமே உரிமை. இவருக்கும். "பூட்டா?" என்றார். "ஆமா, பூட்டு" என்றேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் போட்டுக் கேட்க இனி ஒன்றுதான். அதைத் தினமும் போட மனமில்லை. பிரார்த்தனையை நானே சொன்னேன், உரக்க. மாமாவின் மைக்கில் பதியவும் செய்தேன்.

பேர்கள் வந்தன. அத்தை, இவர், கொழுந்தன், பிள்ளைகள். அங்கே நின்றுவிட்டேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது, அதுவும் நின்றது. இறங்கவில்லை, ஏறவும் இல்லை.

சொன்னேன். நன்றாக இருக்கட்டும் என்றெல்லாம் சொல்லவில்லை. அவள் பேரை மட்டும்.