நந்திதாவின் வயிற்றில் இருந்தது

2024 பிப்ரவரி 3, சனி

கொப்பரை இன்னும் காயவில்லை. திங்கட்கிழமைக்கு முன் மில்லில் எண்ணெய் ஆட்ட முடியாது.

தங்கச்சி நந்திதா மதியம் வந்தாள். சரவணம்பட்டியில் கம்பெனி வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள், சனிக்கிழமைதோறும் காங்கேயம் வந்துவிடுவாள். முகம் உப்பியிருக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். அம்மா கேட்டதற்கு, "ஹாஸ்டல் சோறு சேரலம்மா" என்றாள்.

பிறக்கும்போதே அவள் இதயத்தில் ரத்தத்தைத் தள்ளும் அறை ஒன்றுதான். ஐந்து வயதுக்குள் மூன்று ஆபரேஷன். அப்பா போன பிறகு மாத்திரை வாங்கித் தருவது நான்தான். முக்கியமாக, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை. இருபத்தைந்து வயதாகிறது. இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தாள்?

பிப்ரவரி 9, வெள்ளி

பங்காளி அப்புசாமி மில்லுக்கு வந்தான். காயப்போட்ட கொப்பரையைக் கிளறிப் பார்த்தான். பிறகு, "கதிரு, தப்பா நெனச்சுக்காத. தங்கச்சி வயிறு ஒரு மாதிரி தெரியுதுன்னு எங்க ஊட்ல பேசிக்கிறாங்க. ஒரு பாய் பையன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வாரானாமா" என்றான்.

அவன் போன பின் வேலை ஓடவில்லை. போன வாரம் அவள் துப்பட்டாவை வயிற்றோடு இழுத்து இழுத்துப் போட்டது ஞாபகம் வருகிறது. ஏன் அப்படிப் போட்டாள்?

பிப்ரவரி 10, சனி

செய்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். ஒருத்தன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். யார், என்ன என்று கேட்கவே இல்லை. ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தேன். கையை வைத்து மறைத்தான். அந்தக் கையிலேயே அடித்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை மிதித்தேன். "மூச்சு வாங்குதுன்னாங்ணா... அதான் கூட வந்தேங்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நந்திதா "சஹீர், சஹீர்" என்று கத்தினாள். அந்தப் பெயரைக் கேட்டதும் இன்னும் இரண்டு மிதி. சுற்றி நின்ற ஒருவரும் தடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் பலமாக இருந்தது.

வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

"எத்தன மாசம்?"

"லூசாடா நீ? உள்ள தண்ணி மாதிரி என்னமோ சேருதுடா. எனக்கே என்னன்னு தெரியல. திங்கட்கெழம டாக்டரப் பாக்கப் போறேன்."

பொய் என்றே நினைத்தேன். அறைந்தேன். சுவரில் மோதி விழுந்தாள். வயிற்றில் உதைத்தேன். எத்தனை தடவை என்று இங்கேயாவது எழுதுகிறேன் — மூன்று தடவை. செருப்புக் காலோடு. அம்மா காலைக் கட்டிக்கொண்டாள். அம்மாவையும் உதறினேன்.

அந்த மாத்திரை அப்போது ஞாபகம் வந்தது. அடிபட்டால் உள்ளே ரத்தம் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஞாபகம் வந்த பிறகும் கால் நிற்கவில்லை. நிற்கவில்லையா, நான் நிறுத்தவில்லையா?

பிப்ரவரி 11, ஞாயிறு

நந்திதாவுக்கு இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் கறுத்துவிட்டது. காலையில் நினைவு தப்பியது. கோவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் ஓட்டினேன். "படியில உழுந்துட்டான்னு சொல்லும்மா" என்றேன். அம்மா பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 12, திங்கள்

டாக்டர் ரங்கநாயகி உட்காரச் சொன்னார்.

"கர்ப்பமெல்லாம் இல்லைங்க. வயித்துல சேர்ந்திருக்கறது நீர். இவங்களுக்கு ஒடம்புல இருந்து வர்ற ரத்தம், தள்ளிவிட அறை இல்லாம தானாத்தான் நுரையீரலுக்குப் போகுது. அதனால ரத்தக் குழாய்ல வருசக்கணக்கா அழுத்தம். அந்த அழுத்தத்துல நிணநீர் அளவுக்கு மேல ஊறி, குடலுக்குள்ள கசியுது. சாப்பிடற புரதமெல்லாம் அதோட வெளிய போயிருது. அதான் வீக்கம், பேதி, மூச்சு வாங்கறது எல்லாம். ஆறு மாசமாவது கஷ்டப்பட்டிருப்பாங்க."

ஆறு மாதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிறகு கேட்டார்: "வயித்துல செருப்புத் தடம் இருக்குதுங்க. யாரு?"

அம்மா சொன்னாள்: "இவந்தானுங்க. எம் பையன்."

பிப்ரவரி 13

வயிற்றிலிருந்து நீரை எடுக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பையைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. நீர் நோயால் வந்தது. சிவப்பு என்னால்.

பிப்ரவரி 16, வெள்ளி

நந்திதா கண் விழித்துப் போலீசிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். சஹீரும் சொல்லியிருக்கிறான். அவளோடு வேலை பார்ப்பவன். மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள்.

அப்புசாமி போன் செய்தான். "அவள வாபஸ் வாங்கச் சொல்லு. மானம் போயிரும்" என்றான். மில்லில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினேன். மண்டையை உடைத்துவிடுவது என்றுதான். பாதி வழியில் வண்டியை நிறுத்தினேன். ஆள்தான் மாறுகிறது, நான் அதேதான். கம்பியை வாய்க்காலில் எறிந்துவிட்டு வீடு திரும்பினேன். இதை எழுதிவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். படியில் விழுந்தாள் என்று சொல்லப் போவதில்லை.

மார்ச் 28, வியாழன்

நாற்பத்தொரு நாள் கழித்து ஜாமீன். அவள் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா அவளோடு கொச்சி ஆஸ்பத்திரியில். இடுப்புக்குக் கீழே நிணநீர் முடிச்சில் ஊசி வைத்து மருந்து செலுத்தி, எங்கே கசிகிறது என்று படம் பார்ப்பார்களாம். கண்டுபிடித்தால் பசை விட்டு அடைப்பார்களாம். நான் உதைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அதெல்லாம்.

ஏப்ரல் 4

அம்மா போனில்: "அடச்சுட்டாங்க. மறுக்காவும் கசியலாம்னுதான் சொல்றாங்க." அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

ஜூன் 11

மில்லில் ஒருத்தன் மூட்டையைத் தவறவிட்டான். கை ஓங்கிவிட்டேன். இறக்குவதற்குள் அவன் தலையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நந்திதா துணிமணிகளை எடுக்க வந்தாள், கூட அம்மாவும் ஒரு பெண் போலீசும். வீக்கம் வற்றியிருக்கிறது. எலும்பும் தோலுமாக, ஆனால் மூச்சு வாங்காமல் நடக்கிறாள். சிங்காநல்லூரில் வீடு பார்த்திருக்கிறார்களாம். அம்மாவும் தன் பெட்டியைக் கட்டிவிட்டாள். கேஸ் அடுத்த மாதம். ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அதை இவர்களிடம் சொல்லத் தோன்றவில்லை.

நான் வாசலில் நின்றேன். பேசக் கற்ற நாளிலிருந்து என்னை அவள் டா போட்டுத்தான் கூப்பிடுவாள், ஊரே சிரிக்கும். பையோடு வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க."

விலகி நின்றேன்.