திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முடிவெட்டியதற்காக மூடப்பட்ட கடை

அனுப்புநர்:
மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் ஊழியர்
(பெயரும் முகவரியும் மூடிய உறையில் தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளன. காரணம் பத்தி 2-இல்.)

பெறுநர்:
நகர் நல அலுவலர் அவர்கள்,
சுகாதாரப் பிரிவு.

பொருள்: நோய்த்தொற்று விதிகளை மீறியதாகக் கூறி மூடப்பட்ட முடிதிருத்தகத்தின் சீலை அகற்றவும், முகக்கவசம் அணிய இயலாதவர்களுக்கு முடிதிருத்தகங்களில் தனி நேரம் ஒதுக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகச் சுற்றறிக்கை, பிரிவு 4. 2. கடைக் கதவில் ஒட்டப்பட்டுள்ள அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி முடிதிருத்தகம் எனக்குச் சொந்தமானதன்று. அதன் உரிமையாளர் எனக்கு உறவினரும் அல்லர்; பதினான்கு ஆண்டுப் பழக்கத்தில் அவரை அண்ணன் என்று அழைக்கிறேன், அவ்வளவே. ஆயினும் அந்தக் கடை மூடப்பட்டதற்கு நானே காரணம் என்பதால் இம்மனுவை நான் எழுத வேண்டியதாயிற்று.

2. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். வயது முப்பத்தொன்று. பிறவியிலேயே மனவளர்ச்சியில் வேறுபாடு உள்ளவன். பேச்சு குறைவு. எல்லாம் அவன் சொன்னபடி நடக்க வேண்டும் என்பதால் அம்மா அவனுக்குத் துரை என்று பட்டப்பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. தங்கள் அலுவலகத்திற்கு வரும் மனுக்கள் தகவல் பலகையில் ஒட்டப்படுவதை நேரில் கண்டேன். தெருவில் அவனை வேடிக்கை பார்க்கும் கண்கள் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன. ஆகவேதான் பெயர்களைத் தனித்தாளில் தந்துள்ளேன்.

3. துரையால் முகக்கவசம் அணிய முடியாது. பிடிவாதம் என்று தாங்கள் கருதிவிடக் கூடாது. காதுக்குப் பின்னால் எது பட்டாலும் அவனுக்கு நெருப்பு பட்டதுபோல இருக்கும் என்று மருத்துவர் எழுதித் தந்த சான்று இணைப்பு 2 ஆக உள்ளது. தலையை அந்நியர் தொட்டாலும் அப்படித்தான். உலகத்தில் இரண்டு பேர் மட்டுமே அவன் தலையைத் தொட முடிந்தது. ஒருவர் அம்மா. மற்றவர் முடிதிருத்தும் அண்ணன். மெஷின் சத்தம் ஆகாது என்பதால் அண்ணன் அவனுக்கு என்றுமே கத்திரி மட்டும்தான் பயன்படுத்துவார். கத்திரியை முதலில் துரையின் கையில் கொடுத்து, அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தந்த பிறகே தொடங்குவார். இந்த மரியாதையை வேறெந்தக் கடையிலும் அவனுக்கு யாரும் செய்ததில்லை.

4. கொரோனாவின் முதல் அலையில் அம்மா இறந்தார். மருத்துவமனைக்கு நடந்து போனவர் திரும்பவில்லை. அதைப்பற்றி இம்மனுவில் மேலும் எழுத விரும்பவில்லை.

5. அம்மா போன பிறகு துரை தன் முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். கடைகள் எல்லாம் மூடியிருந்த காலம். முடி தோள்வரை வளர்ந்துவிட்டது. இழுத்து இழுத்து வலது காதுக்கு மேலே உள்ளங்கையளவு புண்ணாகிச் சீழ் பிடித்தது. தோல் மருத்துவர், முடியை வெட்டாமல் மருந்து நிற்காது என்றார். மருத்துவமனையிலேயே வெட்ட முயன்றார்கள். கவச உடை அணிந்த இரண்டு பணியாளர்கள் அவன் தோள்களைப் பிடித்தார்கள், ஒருவர் தலையைப் பிடித்தார். அவன் தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டான். இரத்தம் வந்தது. மருத்துவரே "வேண்டாம், விட்டுடுங்க, விட்டுடுங்க" என்று நிறுத்திவிட்டார். வீட்டில் நான் முயன்றபோது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன் மறுநாள்தான் வெளியே வந்தான்.

6. முடிதிருத்தகங்களைத் திறக்கலாம் என்ற ஆணை வந்ததும் அண்ணனிடம் சென்றேன். அவர் தங்கள் சுற்றறிக்கையைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். பிரிவு 4-ஐ எனக்கு வாசித்துக் காட்டினார்: வாடிக்கையாளர் எந்நேரமும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். பிறகு "புண்ணு எவ்வளவு பெருசும்மா?" என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். "திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. எட்டு மணிக்குத்தான் கடை. அதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார்.

7. ஐயா, அவர் விதியை அலட்சியம் செய்தார் என்று தங்கள் அறிவிப்பு கூறுகிறது. அவர் செய்தவற்றை வரிசையாகக் கூறுகிறேன்; முடிவு தங்களுடையது. எங்கள் இருவருக்கும் உமிழ்நீர்ப் பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்ற சீட்டை நான் காட்டிய பின்னரே நாள் உறுதி செய்தார். நாற்காலியை அறையிலிருந்து எடுத்துப் பின்புறம் கூரையில்லாத முற்றத்தில் போட்டார். முன்கதவும் பின்கதவும் திறந்தே இருந்தன. கத்திரிகளையும் சீப்பையும் கொதிநீரில் போட்டு எடுத்து, பிறகு கிருமிநாசினியிலும் முக்கி வைத்திருந்தார். போர்த்தும் துணியை எங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லி, வெட்டிய முடியோடு சுருட்டி எங்கள் பையிலேயே போட்டு அனுப்பினார். தாம் இரட்டை முகக்கவசமும் அதன்மேல் நெற்றி முதல் தாடைவரை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பும் அணிந்திருந்தார்.

8. அந்தப் பிளாஸ்டிக் தடுப்பைப்பற்றித் தனியாக ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதை அணிந்தால் துரைக்குத் தம்மை அடையாளம் தெரியாது, பயந்துவிடுவான் என்று அவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். ஆகவே அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நான்கு நாள்களும் கடை திறக்குமுன் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். முதல் நாள் சாதாரண முகத்தோடு. இரண்டாம் நாள் முகக்கவசத்தோடு. மூன்றாம் நாள் தடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. நான்காம் நாள் முழுவதும் மாட்டிக்கொண்டு. "துரை, நான்தான்டா. குரலைக் கேளு. நான்தான்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். நான்காம் நாள் துரை ஜன்னலை விட்டு ஓடவில்லை. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக ஒரு தொழிலாளி இவ்வளவு செய்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நானும் முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று வேலை செய்பவள்தான்.

9. அந்தத் திங்கட்கிழமை முடியை வெட்டி முடித்தார்; புண் மூன்று வாரத்தில் ஆறியது. ஆறு வாரம் கழித்து, அதேபோல் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, இரண்டாம் முறை சென்றோம். அன்றுதான் புகார் எழுந்தது. முற்றத்துக்கு நேர் மேலே மாடிவீட்டில் நுரையீரல் நோயால் வருந்தும் அம்மையார் ஒருவர் வசிக்கிறார். சிலிண்டர் வைத்து மூச்சு விடுபவர். ஜன்னலைத் திறந்தபோது கீழே முகக்கவசமில்லாத ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அஞ்சி, கைப்பேசியில் படமெடுத்துத் தங்கள் உதவி எண்ணுக்கு அனுப்பியுள்ளார். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பின்னர் அவர் வீட்டு வாசலில் தள்ளி நின்று பேசினேன். "எனக்கு வந்துச்சுன்னா நான் திரும்பி வரமாட்டேம்மா. அந்தப் பயம்தான். கடையை மூடுவாங்கன்னு நினைக்கல. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜன்னலைச் சாத்திட்டு இருந்திருப்பேன்" என்றார். அவர் சொன்னது சரி. எங்களைப்பற்றி மட்டும் யோசித்த நாங்கள் மேலே ஒருவர் மூச்சு விடுகிறார் என்பதை யோசிக்கவில்லை. இந்தக் குற்றத்தை மறுக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

10. அன்று மாலை சுகாதார ஆய்வாளர் வந்தபோது நான் அங்கு இல்லை. நடந்ததை அடுத்த கடையில் ஜெராக்ஸ் எடுப்பவர் சொன்னார். படத்திலிருப்பவர் யார், ஏன் முகக்கவசம் இல்லை என்று ஆய்வாளர் மூன்று முறை கேட்டிருக்கிறார். அண்ணன் மூன்று முறையும் "என் தப்புதான் சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "ஒரு வார்த்தை உங்க தம்பி விஷயத்தைச் சொல்லியிருந்தா எச்சரிக்கையோட விட்டிருப்பாங்க. மனுஷன் வாயே திறக்கல" என்றார் ஜெராக்ஸ்காரர். ஆய்வாளர் கடைக்குச் சீல் வைத்துத் தம் கடமையைச் செய்தார்; கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

11. ஏன் சொல்லவில்லை என்று அண்ணனிடம் சண்டையே போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சொன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? உங்க வீட்டு வாசல்ல வண்டி வந்து நிக்கும். கவச உடை போட்டுட்டு நாலு பேரு இறங்குவாங்க. தெருவே கூடும். அந்தப் புள்ளை மறுபடி கையைக் கடிச்சுக்கும். கடை என்னம்மா கடை, இன்னைக்குச் சாத்துவாங்க, நாளைக்குத் திறப்பாங்க."

12. திறக்கவில்லை, ஐயா. இன்றோடு இருபத்தெட்டு நாள்கள் ஆகின்றன. அண்ணனுக்கும் மாடிவீட்டு அம்மையாருக்கும் எங்களுக்கும் பரிசோதனை செய்ததில் யாருக்கும் தொற்று இல்லை (இணைப்பு 3). இருந்தும் கதவில் "நோய் பரப்பும் வகையில் செயல்பட்டதால்" என்ற வாசகம் அப்படியே இருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் அதை நின்று படிக்கிறார்கள். சிலர் வீட்டுக்கே வந்து வெட்டச் சொல்லி அவரை அழைத்தார்கள். மூடிய அறைக்குள் காற்று வராது, ஒவ்வொரு வீடாகப் போனால் நோயும் கூடவே வரும் என்று மறுத்துவிட்டார். இப்போது கிடங்கொன்றில் அட்டைப்பெட்டி இறக்குகிறார். ஐம்பத்திரண்டு வயது அவருக்கு.

13. இந்த இடைவெளியில் முடி வளர்வது நின்றுவிடவில்லை. எங்கள் குடியிருப்பின் மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னல் இல்லாத இடத்தில், ஒரே கத்திரியாலும் ஒரே துண்டாலும் ஏழு பேர் வரிசையாக வெட்டிக்கொண்டதைப் பார்த்தேன். யாரும் முகக்கவசம் போடவில்லை. வெட்டியவரைக் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. அவருக்கும் வயிறு இருக்கிறது. காற்றோட்டமுள்ள கடையை மூடினால் மக்கள் காற்றில்லாத இடத்துக்குத்தான் போவார்கள் என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரவே எழுதுகிறேன். பல் மருத்துவமனையில் நோயாளி வாயைத் திறக்க அனுமதி உண்டு. எங்கள் கண்ணாடிக் கடையில் அளவெடுக்கும்போது முகக்கவசத்தைக் கழற்ற அனுமதி உண்டு. இரண்டும் அதே சுற்றறிக்கையில்தான் உள்ளன. பிரிவு 4-இல் மட்டும் அப்படி ஒரு வரி இல்லை.

14. சென்ற வாரம் துரை மீண்டும் முடியை இழுக்கத் தொடங்கினான். அண்ணனை அழைத்தேன். வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. "சீல் இருக்கிற வரைக்கும் நான் கத்திரி பிடிக்கக் கூடாதும்மா. நீங்க வெட்டுங்க, நான் சொல்றேன்" என்று கேட்டுக்கு வெளியே நின்றார். துரையைக் கேட்டைப் பார்த்து உட்கார வைத்தேன். கத்திரியை முதலில் அவன் கையில் கொடுத்தேன். தன்னைக் கட்டிலுக்கு அடியில் துரத்தியவள் நான் என்பதை அவன் மறந்திருக்க மாட்டான். ஆனாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். "காதை மடக்கிப் பிடிங்க... அவ்வளவு அழுத்த வேணாம்... துரை, என்னைப் பாரு... இப்ப ஒரே வெட்டு" என்று வெளியிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் பிடித்தது. பின்கழுத்துப் பக்கம் படிக்கட்டுபோல ஆகிவிட்டது. அண்ணன் கேட்டின் கம்பிகள் வழியாக அதைப் பார்த்தார். அவர் கை தானாகவே மேலே எழுந்தது. உடனே அதைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவே இம்மனுவை எழுத முடிவு செய்தேன். இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் தடுத்திருப்பார்.

15. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

அ) கடையின் சீலை அகற்றி, நோய் பரப்பியதாகக் கூறும் வாசகத்தைத் திரும்பப் பெற வேண்டும். மூடியது தவறு என்று எழுதித் தர வேண்டாம். திறந்தால் போதும்.

ஆ) மருத்துவச் சான்றுடன் முகக்கவசம் அணிய இயலாதவர்களுக்கு, வாரத்தில் ஒரு நாள், பிற வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், திறந்த வெளியில், அக்கம்பக்கத்தாருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து முடிவெட்ட அனுமதிக்கும் ஒரு வரியைப் பிரிவு 4-இல் சேர்க்க வேண்டும். இந்த முன்னறிவிப்பு யோசனை மாடிவீட்டு அம்மையாருடையது.

இ) தண்டனை ஏதேனும் மீதமிருந்தால் அது எனக்கு உரியது. அழைத்துச் சென்றவள் நான்.

16. எழுத்தில் சொன்னது போதாது என்று தாங்கள் கருதினால், வரும் வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. கூட்டம் சேருமுன் காலை ஒன்பது மணிக்குத் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். தம்பியைத் தனியே விட்டுவர ஆள் இல்லாததால் அவனும் உடன் வருவான். அவன் முகக்கவசம் அணிந்திருக்க மாட்டான் என்பதால் விதிப்படி எங்களை உள்ளே அனுமதிக்க இயலாது. அனுமதிக்குமாறு கேட்கவும் மாட்டேன். வாகனங்கள் நிற்கும் திறந்த இடத்தில், எல்லோரையும் விட்டுத் தள்ளி நிற்போம். தாங்கள் ஐந்து நிமிடம் வெளியே வந்தால் போதும்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
துரையின் அக்கா

இடம்: இணைப்பு 1-இல் கண்ட முகவரி
நாள்: கடைக்குச் சீல் வைக்கப்பட்ட இருபத்தெட்டாம் நாள், திங்கட்கிழமை

இணைப்புகள்: 1. பெயர், முகவரி (மூடிய உறை). 2. மருத்துவச் சான்று. 3. பரிசோதனை முடிவுகள், நான்கு.