குளியலறைத் தாழ்ப்பாள்

ஆவூர்

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு மகள் பிரின்சிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் நாலைந்து நாளாக நிம்மதி இல்லை. உன் முழங்கை வீக்கம் வடிந்ததா? போனில் கேட்கலாம் என்றால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

நீ ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்ததை உன் அறைத்தோழி ஷீபா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது பெற்ற மகளுக்குத் தோன்றவில்லையே என்று கோபம் வந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாயாம், கதவைத் தட்டியவர்களிடம் ஒடைக்காதீங்க நானே வாரேன் என்று சொல்லிவிட்டு, தரையில் நகர்ந்து வந்து நீயே திறந்தாயாம். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே பையைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டாள், வேலையை விடச் சொல்லி உன்னைக் கையோடு கூட்டிவருவாளாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு அவளைத் திருப்பிக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் பேச்சுதான். புள்ள விழுந்தா ஒடனே உள்ள போகணும்னு குளிக்கிற ரூம் தாழ்ப்பாளக் கழட்டுனதே நீங்கதானே, இப்ப மட்டும் என்ன வீறாப்பு என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. உன் இடது காலுக்கு இரும்புப் பட்டைக் காலிப்பர் மாட்டிய வருஷம் வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றியது, நீ பெரிய பெண்ணான பிறகும் மாட்டவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ குளிக்கிற நேரமெல்லாம் அவள் வெளியே காவல் நின்றாள். லீவு இல்லை என்று நீ சீக்கிரமே கிளம்பினாய். லீவு இருந்தது எனக்குத் தெரியும் மகளே.

நேற்று கீரனூர் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து நானே பொருத்தினேன். எல்லா வீட்டிலும் இருக்கிற உயரத்தில் இல்லை, தரையில் உட்கார்ந்தாலும் உன் கைக்கு எட்டுகிற இடத்தில். பிடித்து எழுந்திருக்கப் பக்கத்தில் ஒரு கம்பியும் பதித்திருக்கிறேன். அப்பாவுக்குப் பயமில்லை என்று நினைத்துவிடாதே. நீ உள்ளே விழுந்து கிடந்தால் நான் வெளியே எப்படி நிற்பேன் என்று இப்போதும் தெரியவில்லை. கதவைத் தட்டிவிட்டு உன் பதில் வரும்வரை பொறுத்திருக்க இந்த வயசில்தான் பழகவேண்டும்.

இனிமேல் விழுந்தால் மறைக்காதே, அடுத்தவர் சொல்லி நாங்கள் கேட்கும்படி வைக்காதே. நீ சொன்னதும் ஓடிவரமாட்டோம், வா என்றால் மட்டும் வருவோம். இது என் வாக்கு, உன் அம்மாவின் வாக்கை இன்னும் வாங்கவில்லை. ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் இன்றைக்கே மாற்று. திருவிழாவுக்குக் கட்டாயம் வா. மாதா உன் கூடவே இருந்து காப்பாள்.

இதை எழுதும்போதே உன் அம்மா குளியலறைக்குள் போய், உனக்காக வைத்த தாழ்ப்பாளைக் குனிந்து போட்டுக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்கிறது. நான் தட்டவில்லை.

உன் அப்பா
சந்தனராஜ்