கூர்முனை காட்டிய திசை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் நெற்றி வீக்கத்தைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அந்த வீக்கத்தில் உன் சமாச்சாரமும் இருக்கிறது, கேள். வெளிச்சம் நன்றாக வரும் என்று போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கட்டிலைக் கால்வட்டம் திருப்பிப் போட்டார், மறுநாள் காலையில் பழைய ஞாபகத்தில் இறங்கி வாசல் என்று நினைத்து அலமாரியில் போய் முட்டிக்கொண்டார். எப்பவும் எறங்குற பக்கம்தானே எறங்கினேன், நான் என்ன தப்பு பண்ணேன் என்று என்னிடம் சண்டை வேறு. சிரித்து முடிப்பதற்குள் எனக்கு உன் கல் ஞாபகம் வந்துவிட்டது.

நீ ஆராயும் பாறையில் கல்லாகிக் கிடக்கும் சங்குகளின் கூர்முனை தெற்கே காட்டுகிறது, அந்தக் காலத்து நீரோட்டமோ மேற்கிலிருந்து வந்தது, முனையும் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும், அதனால் நீதான் பாறையில் வடக்கைத் தப்பாகக் குறித்திருக்கிறாய் என்று உன் பேராசிரியர் சொன்னாராம். நீயும் தலையாட்டிவிட்டு, ஆய்வை விட்டுட்டு வந்துடறேம்மா என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அருங்காட்சியகத்தில் இத்தனை வருஷம் கல்லோடு மாரடித்தவள் நான், அன்றைக்குக் குவாரியில் உன் பக்கத்தில் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான். பாறையை அறுப்பதற்கு முன் வடக்கைக் காட்டி நீ பெயின்ட்டால் போட்ட அம்பு சரி. சங்குகளும் சரி, தண்ணீர் வந்த பக்கம் முனையை வைத்து அப்படியே படிந்து கல்லாகிவிட்டன. அதற்கப்புறம் அந்த நிலமே கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகக் கால்வட்டம் திரும்பிவிட்டது என்று பாறைக்குள் உறைந்துபோன பழைய காந்தத் திசையை அளந்து போன வருஷம் எழுதியது யார், நீதானே? ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியதை ஐந்தாம் அத்தியாயத்தில் மறந்துவிட்டு உட்கார்ந்து அழுகிறாய். வரைபடத்தில் நிலத்தைப் பழையபடி திருப்பி வைத்துப் பார், இன்றைய தெற்கு அன்றைய மேற்காக வரும். கடலுக்கு அந்தப் பக்கமும் அதே சங்கு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டாயே, அதற்கும் அதுதான் காரணம், நிலம் திரும்பி விலகுவதற்கு முன் அந்தக் கரை கிட்டத்திலேயே இருந்தது, சங்குக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்திருக்கின்றன. பேராசிரியரிடம் இதைப் பணிவாகச் சொல், ஆனால் சொல்லாமல் விடாதே.

கல் அறுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். அப்பா கட்டிலைத் திருப்ப மாட்டேன் என்கிறார், வெளிச்சம் நன்றாக வருகிறதாம். வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வா, அதற்குக் காரணமே தேவையில்லை. சரியாகக் குறித்ததைத் தப்பு என்று ஒப்புக்கொண்டு மட்டும் வராதே, கதவைத் திறக்க மாட்டேன். நீ ஜெயித்து நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு.

திசைகாட்டி பிடித்த
உன் அம்மா