இடப்பக்கத்துக் காது

மார்ச் 9, சனி

ஒரு தோர்ன்லி! என் கராஜுக்குள்!

பாரிசவாதம் வந்த பிறகு என் இடக்கைக்குப் பயிற்சி தருகிற வர்ஷா போன கிழமை சொன்னாள்: "அங்கிள், வெஸ்ட்மீட்ல எங்க பழைய ஷெட்ட இடிக்கப் போறாங்க. உள்ள ஒரு சைக்கிள் கெடக்கு. நீங்கதான் பழைய சைக்கிள்னா உயிரையே விடுவீங்களே, வந்து எடுத்துக்கோங்க." இன்று போனேன். ஹாண்டில் இல்லை, பிரேக் இல்லை, யாருடையது என்றும் ஒருவருக்கும் தெரியாது. தூசியைத் துடைத்தால், எண்பதுகளின் கடைசியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தோர்ன்லி என்ற ஒரே மனிதர் தன் கையால் கட்டிய மவுண்டன் பைக். மெல்லிய உருக்குக் குழாய்கள், மூட்டுகளில் பித்தளை ஒட்டு வெண்ணெய் பூசினதுபோல. அழாத குறை.

மனைவி மயூரா எட்டிப் பார்த்தாள். "ஓடப் போறியளோ, இல்லாட்டி இதையும் சுவரில கொழுவப் போறியளோ?"

கொழுவத்தான். என் இடக்கை விரல்கள் பிரேக்கை இறுக்குவதில்லை. வாதம் வந்த பிறகு ஒரு தரம் வேறொரு சைக்கிளை ஓடிப் பார்த்துப் பக்கத்து வீட்டு வேலிக்குள் போனது போதும்.

"அப்ப உங்கட பழைய சைக்கிள் சப்பாத்தைக் குடுத்துவிடட்டே?" என்றாள். குடு என்றேன். பிறகு சட்டத்தை இன்னொரு தரம் துடைத்தேன்.

மார்ச் 17

சுவரில் கொக்கி அடித்தாயிற்று. கிழமை முழுவதும் ஆராய்ச்சி. பழைய பிரிட்டிஷ் சஞ்சிகைகளின் பக்கங்கள், உலகத்தில் என்னைப் போன்ற பைத்தியங்கள் கூடுகிற இணையக் குழு, மற்றத் தோர்ன்லிகளின் படங்கள். என்னுடையது அச்சொட்டு. நீலம்கூட அதே நீலம்.

ஒன்றுதான் இடிக்கிறது. மேல்குழாயில், பின் பிரேக் வயரைத் தாங்க ஒரு சின்ன இரும்புக் காது ஒட்டியிருக்கும். எல்லாத் தோர்ன்லியிலும் அது வலப்பக்கம். இதில் இடப்பக்கம். யாரோ அமெரிக்க முறைக்கு மாற்றியிருக்கிறான். அங்கேதான் பின் பிரேக் வலக்கையில். பிரிட்டனில், இங்கே ஆஸ்திரேலியாவிலும், இடக்கையில். வயர் வளைந்து வருகிற பக்கமும் அதனால் மாறும். காதின் மேலும் அதே நீலம், ஒரு கீறல் இல்லை. நன்றாகத்தான் பூசி மறைத்திருக்கிறான், கள்ளன்.

மார்ச் 23

காதை அரத்தால் ராவி எடுத்தேன். கிராவீனில் பட்டறை வைத்திருக்கும் சிவமணி வலப்பக்கம் புதுக் காது ஒட்டித் தந்தான். "அண்ணை, பழசு நல்லாத்தானே இருந்தது?" என்றான். உனக்கு விளங்காதடா என்றேன்.

ஏப்ரல் 2

இணையக் குழுவில் சொன்னார்கள், தோர்ன்லி உயிரோடு இருக்கிறாராம்! ஞாயிறு வீடியோவில் பேசலாமாம். தலைமயிர் வெட்ட வேண்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அவருக்குக் காலை, எங்களுக்குப் பின்னேரம். தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்தார். போனைச் சட்டத்தின் மேல் மெல்ல ஓட்டிக் காட்டினேன். ஒவ்வொரு மூட்டையும் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் பார்த்தார். பிறகு, பின் பிரேக் காது எங்கே என்றார். வலப்பக்கத்தைப் பெருமையோடு காட்டினேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

தான் வைத்தது இடப்பக்கம் அல்லவா என்றார். புவியியல் படிப்பிக்கிற ஒரு பெண்ணுக்காகக் கட்டினாராம். சின்ன வயதில் போலியோ, இடக்கையில் பலமில்லை. அவளுக்கு வலக்கையில் ஒரே ஒரு பிரேக் பிடி. அதிலிருந்து இரண்டு வயர், ஒன்று முன் சில்லுக்கு, ஒன்று பின் சில்லுக்கு. அதற்காகவே காதை மாற்றி வைத்தாராம். பிறகு அவள் ஆஸ்திரேலியா போய்விட்டாள், அவள் இறங்காத மலை இல்லை என்றார்.

நான் இடக்கையைப் பொக்கற்றுக்குள் வைத்திருந்தேன்.

நான் என்ன மனிசன்? என்ர கையைப் போல ஒரு கைக்காக ஒருத்தர் இருந்து யோசிச்சு வச்ச காது. அதைப் பிழை எண்டு ராவி எறிஞ்சன். நான்! வேற ஆரும் செய்திருந்தாலும் பரவாயில்லை — நான்!

மயூரா குசினியிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். கை துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்: "அப்ப ஒரு கையால ரெண்டு பிரேக்கும் பிடிக்கலாமோ?"

ஓம் என்றேன். பிறகுதான் அவள் என்ன கேட்கிறாள் என்று விளங்கியது. நான் காதுக்கு அழுதுகொண்டிருக்க, அவள் பிடியை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஏப்ரல் 13

காது திரும்பவும் இடப்பக்கம். சிவமணி விடுவானா? "அடுத்த கிழமை எந்தப் பக்கம் அண்ணை?" பெயின்ற் இரண்டு பக்கமும் கருகிவிட்டது. நான் திருத்தப் போவதில்லை, இருக்கட்டும்.

ஏப்ரல் 18

இரண்டு வயர்ப் பிடி தபாலில் வந்தது; சிவமணி ஹாண்டிலும் பிரேக்குகளும் பூட்டித் தந்தான். மூன்று சில்லுச் சைக்கிள்களுக்காக இன்றைக்கும் செய்கிறார்களாம். கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது, நான் தேடவேயில்லை. வர்ஷா கையைப் பார்த்துச் சொன்னாள்: "இடது கையால இறுக்க வேணாம் அங்கிள், சும்மா மேல வெச்சிருந்தாப் போதும். மொதல்ல புல்லுல ஓட்டுங்க."

ஏப்ரல் 21, ஞாயிறு

பரமட்டா பார்க். காரின் பின்பெட்டியிலிருந்து மயூரா என் சைக்கிள் சப்பாத்தை எடுத்தாள்.

"குடுத்தாச்சு எண்டல்லோ நினைச்சன்?"

"குடு எண்டனீங்கள். ஆருக்கு எண்டு சொல்லேல்லையே."

ஆற்றுப் பக்கம் இறங்குகிற சின்னச் சரிவு. தண்ணீர்ப் போத்தலும் கையுமாக அவள் பின்னால். காற்று முகத்தில் பட்டது, பயம் பிடித்தது, வலக்கையை இறுக்கினேன். இரண்டு சில்லும் ஒன்றாக நின்றன. கொஞ்சம் அதிகமாகவே நின்றன — மூக்கு ஹாண்டிலில் முட்டப் பார்த்தது. அவள் ஓடி வந்தபோது நான் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொருக்காப் போட்டு வாறன்," என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

மயூராவின் புது உத்தரவு: சேற்றுச் சப்பாத்தோடு குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. கராஜில், தோர்ன்லிக்கு அடித்த கொக்கியில் சப்பாத்தைக் காயப் போட்டிருக்கிறேன்.