பதினெட்டு எண்ணும் வரை

அன்பு மகள் கொரினுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்கும் உன் அம்மாவுக்கும் குறையொன்றுமில்லை. அலாஸ்காவின் குளிர் உன் பழைய இருமலைக் கிளறிவிடவில்லை என்று உன் பதிலில் ஒரு வரி கண்டால் எங்கள் நலம் முழுமையாகும். சமையலறைக் கூரையின் ஒழுகல் அடைபட்டது. அம்மாவுக்கு முட்டிவலி மழைநாளில் மட்டும்தான். சாப்பாட்டு மேசையில் ஜெபிக்கும்போது நான் கண் மூடுவதில்லை என்று அவள் உனக்கு எழுதியிருப்பாள். அது உண்மை. தலைகுனிந்தவர் யாராயினும் அவர் விரல் அசைகிறதா, தோள் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சென்ற ஞாயிறு ஆலயத்தில் ஒரு முதியவர் நெடுநேரம் குனிந்தே இருக்க, பாதி ஜெபத்தில் எழுந்துபோய் அவர் தோளை உலுக்கிவிட்டேன். அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை. இதன் காரணத்தை ஊரார் வாய்வழி நீ அறியுமுன் என் கையாலேயே எழுதிவிட வேண்டும்.

பக்கத்து மாவட்டக் கல்லூரியின் ஃபுட்பால் அணியில் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஜெரல் மேப்ரியை நீ அறிவாய். கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவன் பல்காப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முழந்தாளிட்டு, ஹெல்மெட் புல்லில் பட ஜெபிப்பான்; அரங்கமே அடங்கிப்போகும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஜெபம் நீண்டுவிட்டதென்று, நடுவனாக நின்ற நான் மஞ்சள் கொடியை வீசி, அவன் அணியைப் பதினைந்து கெஜம் பின்னுக்குத் தள்ளும் தண்டனை விதித்தேன். விதிப்புத்தகம் என் பக்கம் இருந்தது, ஊர் இல்லை. முடிவெட்டும் ஹாய்ட் கத்தரியைக் காதருகே நிறுத்திக்கொண்டு, “ஏம்ப்பா வெண்டல், கர்த்தருக்கே கொடி காட்டிட்டியாமே? நாளைக்கு அவரு உனக்கு எத்தன கெஜம் போடுவாரோ!” என்றான், கடை முழுவதும் சிரித்தது. நீயும் தொலைபேசியில், பத்து விநாடி விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் அப்பா என்று கேட்டாய். உன்னைக் குறை கூறவில்லை, வரிசைப்படி எழுதுகிறேன், அவ்வளவே. அதன்பின் ஜெரல் முழந்தாளிட்டால் நான் தொப்பியைக் கழற்றி, கண்களை மூடி, மனத்துக்குள் பத்து எண்ணுவேன். நான் திருந்திவிட்டதாக ஊர் சொன்னது. ஆட்டம் நடக்கும் களத்தில் நடுவன் கண் மூடக் கூடாதென்பது நான் கற்ற முதல் பாடம்.

சென்ற அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை, கோட்டுக்கு இரண்டு கெஜம் முன்னால், ஒருவன் தன் ஹெல்மெட்டால் ஜெரலின் ஹெல்மெட்டை மோதினான். ஜெரல் உருண்டு கோட்டைத் தாண்டினான். எழ முயன்று முழங்காலில் நின்றான். நெற்றி தரையில் சாய்ந்தது. நான் தொப்பியைக் கழற்றினேன். பத்தாவது எண்ணில் கண் திறந்தேன். அவன் அப்படியே இருந்தான். பல்காப்பு வாயிலேயே இருந்தது. அதை நான் பார்த்தேன், கொரின். பார்த்தபின்னும் ஹாய்ட் கடையின் சிரிப்பு காதில் கேட்க, பதினெட்டு வரை எண்ணினேன். அதற்குள் அவன் தோழன் ஓடிவந்து அவனைத் திருப்பிப் போட்டு அலறினான். மூளையில் இரத்தக் கசிவு. அந்த எட்டு விநாடியால் எதுவும் மாறியிராது என்றார் மருத்துவர், எழுதித் தருவீர்களா என்றேன், பேச்சை மாற்றினார். அன்று மாலை நான் எழுதிய அறிக்கையில் “வீரர் ஜெபத்தில் இருந்தார்” என்று குறித்துக் கையொப்பமிட்டேன். அந்த ஒரு வரியிலிருந்துதான் அடிபட்ட நிலையிலும் ஜெபித்த பிள்ளை என்ற பேச்சு பிறந்து, ஆலயந்தோறும் அவன் படத்துடன் சுவரொட்டியாயிற்று.

ஜெரல் பிழைத்தான். வலக்கை எழும்பவில்லை, சொற்கள் தாமதமாக வருகின்றன. வரும் ஞாயிறு பெரிய ஆலயத்தில் சபை முன் நின்று, ஆண்டவர் தன்னைக் காத்ததை அவன் சாட்சியாகச் சொல்ல வேண்டும். செவ்வாயன்று அவன் தாய் எர்னஸ்டீன் அவனை நம் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அம்மா வைத்த கேக்கை அவன் தொடவில்லை. “மிஸ்டர் வெண்டல், எனக்கு அன்னிக்கு நடந்தது... ஒண்ணுமே ஞாபகமில்ல. பக்கத்துல நின்னது நீங்கதான். நான் ஜெபம்... பண்ணிட்டு இருந்தேனா?” என்றான். இல்லை என்றேன். பல்காப்பைப் பார்த்ததையும், எண்ணியதையும், அறிக்கையில் பொய் எழுதியதையும் சொன்னேன். நீங்களாவது ஜெபித்தீர்களா என்றான். எண்ணிக்கொண்டிருந்தேன் என்றேன். அவன், “அப்ப அந்த எடத்துல... யாருமே ஜெபம் பண்ணல” என்றான்.

அப்போதுதான் எர்னஸ்டீன் வாய் திறந்தாள். “நீ விழுந்த விதத்தப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு ராசா. எம்புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு கத்துனேன். முன்னாடி ஒக்காந்திருந்தவங்க அத்தன பேரும் திரும்பி, உஷ்ஷ், புள்ள ஜெபம் பண்ணுது, சும்மா இரும்மான்னாங்க. நானும்... சும்மா இருந்துட்டேன்” என்றாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவன் கேட்டான். “கையும் போச்சு, ஆட்டமும் போச்சு. அந்த ஒரு பேராவது உனக்கு மிஞ்சட்டும்னு நெனச்சேன்” என்றாள். உன் அம்மா அடுப்பருகே திரும்பி நின்றுகொண்டாள்.

திருத்திய அறிக்கையை நேற்று அனுப்பிவிட்டேன். விசிலையும் நடுவன் சட்டையையும் ஒப்படைத்தாயிற்று. ஞாயிறன்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல ஜெரல் என்னையும் மேடைக்கு அழைத்திருக்கிறான். ஆனால் முதலில் பேசப் போவது அவன் தாய். வாசலில் என் கையைப் பிடித்து அவள் சொன்னது இது: “அன்னிக்கு என் வாய அடச்சவங்க எல்லாம் அங்கதான் ஒக்காந்திருப்பாங்க, மிஸ்டர் வெண்டல். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் உஷ்ஷுங்கக் கூடாது. அதப் பாத்துக்க வேண்டியது நீங்க.” ஒப்புக்கொண்டேன். அவளருகில் நிற்பேன்.

அதன்பின் ஊர் என்ன சொன்னாலும் உன் தாயோடு அடிக்கடி பேசு. ஆண்டவர் உன் கைத்தொழிலையும், தனிமையில் உன்னையும் காப்பாராக. எங்கள் ஆசீர் என்றும் உன்னோடு. வண்டியின் பிரேக்கை இந்த வாரமே காட்டிவிடு, தள்ளிப்போடாதே.

உன் அன்புத் தந்தை,
வெண்டல் புரூயிட்