செங்கல் சூளை நிறத்துப் பையில் நீ கொண்டுவந்த அசல்

ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து வந்த தாள்கள் கையில் இன்னும் சூடாக இருந்தன. உத்திரமேரூரில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடை. உன் மகள் நர்சிங் படிப்பில் சேரப்போகிறாள். சான்றிதழ் நகல்களில் நோட்டரி வக்கீலின் கையெழுத்து வேண்டும் என்று கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். துணைக்கு நான் வந்திருந்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ். நான்காவதாக, உன் இறப்புச் சான்றிதழ்.

வக்கீல் அசலை ஒரு பக்கமும் நகலை ஒரு பக்கமும் வைத்து வரிவரியாக விரலை நகர்த்தினார். உன் பெயருக்கு வந்ததும் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிறகு முத்திரையை ஊதா மையில் ஒற்றி, உண்மை நகல் என்று குத்திக் கையெழுத்துப் போட்டார். நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. மஞ்சள் காமாலை என்றார்கள். பத்து நாளில் முடிந்துவிட்டது. காரியத்தில் உட்கார்ந்து அழுதவள்தான் நானும். ஆனாலும் அந்த மை காய்வதைப் பார்த்தபோது புதிதாகக் கேள்விப்பட்டவள் போல உட்கார்ந்துவிட்டேன். "தண்ணி குடிக்கிறியா பெரிம்மா?" என்றாள் உன் மகள்.

பதினோரு வருடங்களுக்கு முன் இதே தெருவில், வேறொரு வக்கீலின் மேசைக்கு முன்னால் நான் நின்றது அவளுக்குத் தெரியாது. அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு.

நாம் இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. பத்தாவதோடு உன்னைச் செய்யாற்றங்கரை ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். பன்னிரண்டாவது முடித்த என்னையும் சில வருடங்களில் அதே ஊருக்குத்தான் கொடுத்தார்கள். நான் போன வீட்டுக்கு நிலம் இருந்தது. நீ போன வீட்டார் அந்த நிலத்தில் வேலை செய்தார்கள். யாராவது பக்கத்தில் இருந்தால் என்னைச் "சின்னம்மா" என்பாய். வரப்பில் தனியாகப் பார்த்தால் "இன்னாமே, துன்னியா?" என்பாய். நான் தின்றேனா என்று அந்த ஊரில் கேட்டவள் நீ ஒருத்திதான்.

கணவரின் அடி தாங்காமல் ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்தேன். கட்டியிருந்த புடவையோடு வந்தவளுக்குச் சான்றிதழ் நினைவு எங்கே வரும்? அங்கன்வாடி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது என்னிடம் இருந்தது மங்கிப்போன பழைய ஜெராக்ஸ் மட்டும். அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். வயதானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அசல் பார்க்காம நகல்ல கையெழுத்துப் போட முடியாதும்மா. உன்னைச் சந்தேகப்படல. ஆனா என் கையெழுத்துக்கு அர்த்தமே அதுதான்."

அசல் என் புகுந்த வீட்டு பீரோவில் இருந்தது. இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டோம். வந்து குடும்பம் நடத்தினால் தருவோம் என்றார்கள். மறுநாள் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். உனக்குப் போன் செய்து அழுதேன். நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நாளிக்கி அந்த வக்கீலு எத்தினி மணி வரிக்கும் இருப்பாரு?" என்று மட்டும் கேட்டாய்.

மறுநாள் மூன்று மணி தாண்டி நீ பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாய். புடவைமேல் ஆம்பிளைச் சட்டை, காலில் காய்ந்த சேறு. சட்டைக்குள்ளிருந்து செங்கல் சூளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை உருவி மேசைமேல் வைத்தாய். என்னுடைய மூன்று சான்றிதழ்களும் இருந்தன. உன் உடம்புச் சூடு அவற்றில் இருந்தது.

"எப்படிடி?" என்றேன்.

"கேட்டேன். குட்த்தாங்க" என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே விவரம் சொன்னாய். நடவுக்கு ஆட்கள் கூடியிருந்த நேரத்தில் என் மாமியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாய். யார் சொல்லி வந்தாய் என்று அவர்கள் கத்தியிருக்கிறார்கள். "அது அவங்க குந்திப் படிச்சி எயுதின பரீச்சைங்க. உங்க வூட்டு நெல்லு இல்லியே" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாய். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன என்று விசாரிக்க, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாய். உச்சிவேளையில் மானம் போகிறது என்று மாமனாரே பையைக் கொண்டுவந்து வீசியிருக்கிறார்.

வக்கீல் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு முத்திரை குத்தி முடித்தார். நீ உள்ளங்கையை அவர்முன் நீட்டினாய். "எனுக்கும் ஒன்னு குத்துங்க சார்."

"உனக்கு அசல் எங்கம்மா?"

"நானே அசலுதான் சார்."

சிரிக்கவே தெரியாதவர் என்று நான் நினைத்திருந்த அந்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அலுவலகம் மூடுவதற்குள் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். மூன்று மாதத்தில் எனக்கு வேலை வந்தது.

அந்த வருடம் நீ நடவுக்குப் போகவில்லை. கேட்டதற்கு, "இடுப்பு வலிமே, குனிய முடியல" என்றாய். நானும் நம்பி ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தேன். நீ அதை வாங்கி இடுப்பில் தேய்த்துக்கொண்டாய், என் கண்முன்னாலேயே. உன் காரியத்தன்றுதான் உன் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இடுப்பில் வலி எதுவும் இல்லை. என் புகுந்த வீட்டார் சொல்லிவைத்து, அந்தப் பக்கத்தில் எந்தக் கழனியிலும் இரண்டு வருடம் உன்னைக் கூப்பிடவில்லை. பஸ் ஏறிப் போய்ச் செங்கல் சூளையில் கல் சுமந்திருக்கிறாய்.

அவரே மேலும் சொன்னார்.

"உங்க சர்டிபிகேட்டு கேக்கப் போன அன்னிக்கிக் காலையில அவுளுக்குக் கையி காலெல்லாம் ஒதறிக்கினு கெடந்திச்சி. கஞ்சி கூட எறங்கல. பயமா இருந்தா போவாதன்னேன். பயமாத்தான் கீது, அதுக்கின்னா, அவ அங்க குந்திக்கினு கீறான்னுட்டுப் போயிட்டா."

இத்தனை வருடமும் உனக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். சிரித்துச் சிரித்து என்னை அப்படி நம்பவைத்துவிட்டாய். என்னால் ஆகாததை உன்னால் செய்ய முடிந்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். உன்மேல் கோபம்கூட வந்தது. அந்தத் தைலத்தை ஏன் வாங்கினாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வேலைக்கே போகாமல் இருந்திருப்பேன். உனக்கு அது தெரிந்திருக்கிறது.

போன மாதம், என் அங்கன்வாடிக்கு மூன்று தெரு தள்ளி, பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குக் கல்யாண ஏற்பாடு நடந்தது. நிறுத்தச் சொல்லத்தான் போனேன். பெரிய வீடு. வாசலில் நாலைந்து ஆம்பிளைகள் நின்றிருந்தார்கள். நமக்கெதற்கு என்று திரும்பிவிட இருந்தேன். முழங்கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டைக்கு வந்தது.

உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.